மய்யித்தின் ஹக்கும் உயிருள்ளோரின் ஹக்கும்





ஒரு முஸ்லிம் மவுத்தாகிவிட்டால் அவருக்காக உயிரோடிருப்போர் மீது நான்கு காரியங்கள் கடமையாகின்றன. குளிப்பாட்டுவது, கபனிடுவது, ஜனாஸாத் தொழுவது, அடக்குவது. மக்தபில் ஓதும் சின்னஞ்சிறு பிள்ளையும் விரல் மடக்கிச் சொல்லும் பாடம் இது. இவை பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோர் மீதிருந்த கடமையும் நீங்கும். எவருமே செய்யாது விட்டால் ஊர் முழுவதும் குற்றத்திற்கு ஆளாகும்.

இந்த நான்கில் முதற் கடமையைப் பற்றியே இம்மாதம் பேச நாடுகிறோம். கொடிய தொற்று நோயில் மவுத்தானவரைத் தொட்டுக் குளிப்பாட்டினால் குளிப்பாட்டுகிறவரும் அந்நோய்க்கு இரையாவார் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லும்போது, மார்க்கம் என்ன சொல்கிறது? 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது இக்கேள்வி நம் வீடுகளின் வாசற்படியிலேயே வந்து நின்றது. “எங்கள் வாப்பாவைக் கைதொட்டுக் குளிப்பாட்ட முடியாமல் போய்விட்டதே” என்று இன்றும் உள்ளம் குமைகிற பிள்ளைகளை நாம் காண்கிறோம். ஆனால் இக்கேள்வி இதைவிடப் பன்மடங்கு கடுமையாக வேறொரு மண்ணில் எழுந்தது. அங்கே தவறான விடையைக் கொண்டவர்கள் குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள். அந்த வரலாற்றை நம் மக்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலோரம் கினியா, சியரா லியோன், லைபீரியா என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று நாடுகள் இருக்கின்றன. முதல் இரண்டிலும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். கொட்டித் தீர்க்கும் மழை, அடர்ந்த காடு, நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. அல்லாஹ் வளத்தை வாரி வழங்கிய நிலம்தான். ஆயினும் வறுமை. சியரா லியோனிலும் லைபீரியாவிலும் நீண்ட உள்நாட்டுப் போர்கள் இருந்த ஆஸ்பத்திரிகளையும் சீரழித்துவிட்டன. மலேரியாவும் பேதியும் அங்கே வீட்டுக்கு வீடு பழகிய நோய்கள். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2013 டிசம்பரில் கினியாவின் காட்டுப் பகுதியிலுள்ள மெலியாண்டு என்ற சிற்றூரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று காய்ச்சல் கண்டு இறந்தது. தொடர்ந்து அதன் சகோதரி, தாய், பாட்டி என்று ஒரே வீட்டில் அடுத்தடுத்து மவுத்துகள். என்ன நோய் என்றே எவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, 2014 மார்ச்சில்தான் அது எபோலா என்று கண்டறியப்பட்டது. 1976 இல் காங்கோ நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டு, அங்குள்ள ஓர் ஆற்றின் பெயரால் வழங்கும் நோய் அது. அதற்குள் நோய் எல்லைகளைக் கடந்துவிட்டது. இம்மூன்று நாடுகளிலும் அது ஓய்ந்தபோது கணக்கெடுத்தார்கள். நோய்க்கு ஆளானவர்கள் 28,600 க்கும் மேல். உயிரிழந்தவர்கள் 11,300 க்கும் மேல். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இந்நோய் எப்படித் தொற்றுகிறது என்பதை வாசகர்கள் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இனி நாம் சொல்லப்போகும் மஸ்அலா முழுவதும் அதை ஒட்டியே நிற்கிறது. எபோலா காற்றில் பறந்து வருவதில்லை. நோயாளியின் இரத்தம், வாந்தி, மலம் முதலிய கசிவுகள் மற்றவரின் கண், வாய், கையிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே சென்றால்தான் தொற்றும். அறிகுறி தோன்றாத வரையில் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. நோய் முற்ற முற்றக் கிருமி பெருகுகிறது. உயிர் பிரியும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. மவுத்துக்குப் பிறகும் கிருமி உடனே மடிவதில்லை. ஆக, ஒரு மனிதர் மற்றவருக்கு மிக அதிகமாக ஆபத்து விளைவிக்கக் கூடிய நேரம் எதுவென்றால், அவர் இறந்து, அவருடைய மக்கள் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, ஆடை களைந்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டும் அந்த நேரமே!

மய்யித்தைக் குளிப்பாட்டுவது நம்மிடையே வெறும் சடங்கன்று. அது கடைசி கித்மத். பெற்ற தாயை மகள் குளிப்பாட்டுகிறாள். தன்னைக் குளிப்பாட்டி வளர்த்த கரத்தை எடுத்து இவள் கழுவுகிறாள். கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் அருமை மகளார் ஜைனப் ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் வஃபாத்தானபோது, உம்மு அத்திய்யா (ரலி) அவர்களும் மற்றப் பெண்களும் குளிப்பாட்டினார்கள். எப்படிக் குளிப்பாட்ட வேண்டும் என்று பெருமானார் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். ஒற்றைப்படையாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இலந்தை இலை கலக்க வேண்டும், கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்க்க வேண்டும், வலப்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். முடிந்ததும் தம் திருமேனியில் உடுத்தியிருந்த துணியையே கழற்றிக் கொடுத்து, அதை மகளாரின் உடலோடு ஒட்டிச் சுற்றும்படி சொன்னார்கள். இத்தகைய ஸுன்னத்தைப் பிடித்து வாழும் சமுதாயத்திடம் போய், “உன் தாயைத் தொடாதே” என்று ஒருவன் சொன்னால் அது எளிதில் செவியேறுமா? ஆப்பிரிக்க முஸ்லிம்கள் கேட்கவில்லை என்று அவர்களை இழித்துப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் கேளாதது அறியாமையால் மட்டுமன்று, அன்பினாலும்தான்.

ஆனால் அந்த அன்பு எங்கே கொண்டுபோய் விட்டது?

சியரா லியோனில் கைலாஹூன் மாவட்டத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்மணி இருந்தார். கினியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யப் போய் அவரும் நோய் கண்டு இறந்தார். ஊர் மதிப்புப் பெற்றவர் என்பதால் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தார்கள். உடலைக் கழுவினார்கள், தொட்டு அழுதார்கள், அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த ஒரே இறுதிச் சடங்கின் தொடர்பாக 365 மரணங்கள் வரை நிகழ்ந்திருக்கலாம் என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் ஆராய்ந்து சொன்னார்கள். கினியாவிலோ, 2014 ஆகஸ்டு மாதக் கணக்கின்படி, நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு அடக்கச் சடங்குகள் வழியாகவே தொற்று வந்ததாகக் கூறினார்கள்.

இன்னொரு சம்பவம். இது ஆலிம்களாகிய நம்மை அதிகமாகவே சிந்திக்க வைக்கிறது. கினியாவில் மாலி நாட்டு எல்லையை ஒட்டி கூரேமாலே என்ற ஊர் உண்டு. அவ்வூரின் பெரிய இமாம், எழுபது வயதானவர், 2014 அக்டோபரில் நோய்வாய்ப்பட்டு மாலியின் தலைநகரமாகிய பாமகோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். சிறுநீரகக் கோளாறு என்றே கருதிச் சிகிச்சை நடந்தது. அக்டோபர் 27 இல் அவர் வஃபாத்தானார். அவருடைய நோய் எபோலா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பாமகோவில் ஒரு பள்ளிவாசலுக்கு ஜனாஸாவைக் கொண்டு சென்று முறைப்படி குளிப்பாட்டினார்கள். பிறகு சொந்த ஊருக்கு எடுத்துச் சென்று அடக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த தாதி ஒருவர் இறந்தார், மருத்துவர் ஒருவரும் இறந்தார், வேறு சிலரும் இறந்தார்கள். அவரோடும் அவர்களோடும் தொடர்புடைய நூற்றுக்கணக்கானோரை அதிகாரிகள் தேடிப் பிடித்து நாள்தோறும் கண்காணித்ததால், அல்லாஹ்வின் கிருபையால் 2015 ஜனவரியில் மாலி அந்நோயிலிருந்து விடுபட்டது. அந்த இமாமின் மீது குற்றமில்லை, அவரைக் குளிப்பாட்டியவர்கள் மீதும் குற்றமில்லை. தெரியாமல் செய்தார்கள். அறிவிக்கப்பட்ட பின்னும் செய்வதுதான் வேறு விஷயம்.

இனி மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. நோயைத் தடுக்க வந்தவர்கள் ஆரம்பத்தில் எப்படி நடந்துகொண்டார்கள்? தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடிய சிலர் ஊர்தியில் வந்து இறங்குவார்கள். முகம் தெரியாது, பேர் தெரியாது. வீட்டாரிடம் ஒரு ஸலாம் கிடையாது. மய்யித்தின் மீது மருந்து நீரைப் பீய்ச்சி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி எடுத்துச் சென்றுவிடுவார்கள். எங்கே அடக்கினார்கள் என்பதும் பல வீட்டாருக்குத் தெரியாது. கபனும் இல்லை, தொழுகையும் இல்லை. லைபீரியாவின் தலைநகரில் 2014 ஆகஸ்டில், எபோலாவால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்றே உத்தரவிட்டார்கள். விளைவு என்ன? நோயாளிகளை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். இரவோடு இரவாகக் களவாக அடக்கினார்கள். நோய் குறையவில்லை, மறைந்து நின்று பெருகியது. செப்டம்பர் மாதம் கினியாவில் வோமே என்ற கிராமத்தில் நோயைப் பற்றி விளக்கச் சென்றவர்களில் எட்டுப் பேரை ஊரார் கொன்றே போட்டார்கள். இக்கொலையை எந்த நியாயமும் மன்னிக்காது. ஆனால் அவ்வளவு அவநம்பிக்கை ஏன் விளைந்தது என்று கேட்காமலும் இருக்க முடியாது.

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றதாகும் என்ற கருத்துப்படப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோதும் அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதரின் ஜனாஸாவாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மாவல்லவா என்று கேட்டார்கள். இந்த உம்மத்திடம் போய் மய்யித்தைக் குப்பைபோல் அள்ளிச் சென்றால் அது எப்படிப் பொறுக்கும்?

நமக்கு அருகிலேயே இலங்கையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவில் இறந்தவர்களை எரிப்பது கட்டாயம் என்று 2020 இல் அங்கே சட்டமாக்கினார்கள். அடக்குவதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியிருந்தும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளேயான பச்சிளம் பிள்ளையையும் பெற்றோர் கதறக் கதற எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அச்சட்டம் நீங்கி, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்க அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மருத்துவத்தின் பேரால் மருத்துவம் சொல்லாததைச் செய்த கதை அது.

மீண்டும் ஆப்பிரிக்காவுக்கு வருவோம். தவறு எங்கிருக்கிறது என்பதைக் காலம் கடந்தாவது உணர்ந்தார்கள். உலக சுகாதார அமைப்பு, செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களோடும் முஸ்லிம், கிறிஸ்தவ நிறுவனங்களோடும் அமர்ந்து பேசி, 2014 நவம்பரில் பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள அடக்கத்திற்கான புதிய முறையை வெளியிட்டது. அதன்படி, அடக்க வருவோர் முதலில் வீட்டாருக்கு ஆறுதல் கூற வேண்டும். உடை மாட்டும் முன் தம் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். முஸ்லிம் மய்யித்தாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் தயம்மும் செய்ய வேண்டும். வெள்ளைக் கபன் துணி கொடுக்க வேண்டும். தகுந்த தூரத்தில் நின்று குடும்பத்தார் தொழவும் துஆச் செய்யவும் இடம் தர வேண்டும். கபுரில் பெயர் எழுதி வைக்க வேண்டும். இதைச் சியரா லியோனிலும் கினியாவிலும் ஜும்ஆ மேடைகளில் இமாம்கள் எடுத்துரைத்தார்கள். அதுவரை கதவடைத்தவர்கள் கதவைத் திறந்தார்கள். லைபீரியாவிலும் அவ்வாண்டு டிசம்பரில் எரிப்பதை நிறுத்தி, அடக்குவதற்கென்றே தனி நிலம் ஒதுக்கினார்கள். 2015 இறுதிக்குள் சியரா லியோனும் கினியாவும் நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டன. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது, தொடர்புடையோரைத் தேடியது, ஆஸ்பத்திரிகளைப் பெருக்கியது என்று வேறு பல முயற்சிகளும் சேர்ந்தே இதைச் சாதித்தன. ஆயினும் மய்யித்தின் விஷயம் தீராமல் மற்றவை நடந்திருக்க முடியாது.

இப்போது மஸ்அலாவுக்கு வருவோம். அந்தத் தயம்மும் என்பது நெருக்கடிக்காக எவரோ புதிதாகக் கண்டுபிடித்த சலுகையா? அல்லாஹ்வுக்காக அப்படி எண்ணிவிடாதீர்கள்.

நாம் ஓதுகின்ற ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் மின்ஹாஜைத் திறந்து பாருங்கள். எவரைக் குளிப்பாட்டுவது இயலாதோ அவருக்குத் தயம்மும் செய்யப்படும் என்ற சட்டம் ஜனாஸாவின் பாடத்திலேயே இருக்கிறது. அதே இமாம் நவவி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் அல்மஜ்மூஉ என்ற பெரிய கிதாபில் இன்னும் விரிக்கிறார்கள். தீயில் கருகி, தண்ணீர் ஊற்றினால் சிதைந்துவிடும் என்றிருக்கும் மய்யித்துக்குத் தயம்மும். விஷக்கடிக்கு ஆளாகி இறந்தவரைக் கழுவினால் உடல் சிதையும் என்றாலோ, அல்லது *குளிப்பாட்டுகிறவருக்கு* ஆபத்து நேரும் என்று அஞ்சினாலோ தயம்மும். இமாம் அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 676 இல். கிருமி என்ற ஒன்றை எவரும் கண்ணால் கண்டிராத காலம்! குளிப்பாட்டுகிறவரின் உயிரைப் பற்றி அன்றே நம் இமாம்கள் சிந்தித்திருக்கிறார்கள். ஹனபி மத்ஹபிலும், தேய்க்க முடியாத நிலையில் உள்ள மய்யித்தின் மீது தண்ணீரை ஊற்றினாலே போதும் என்றும், தண்ணீருக்கு வழியில்லாதபோது தயம்மும் என்றும் சட்டம் உண்டு. ஊற்றும் நீர் தெறிப்பதே ஆபத்து என்னும் எபோலா போன்ற நோயில் அதுவும் இயலாததே என்று கொண்டு தயம்முமுக்குச் செல்ல வேண்டியதுதான்.

இதன் வேர் ஹதீஸில் இருக்கிறது. ஸஹாபாக்கள் பயணம் சென்றபோது ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். இரவில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. எனக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுங்கோபம் கொண்டார்கள். அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதே மருந்து, அவருக்குத் தயம்மும் போதுமாயிருந்ததே என்ற கருத்துப்பட அருளினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க அபூதாவூதில் வருகிறது.

சகோதரர்களே! ஸஹாபாக்கள் கெட்ட எண்ணத்தோடா சொன்னார்கள்? மார்க்கத்தைப் பேண வேண்டும் என்றுதானே சொன்னார்கள்! அப்படியிருந்தும் பெருமானார் அதைக் கொலையோடு சேர்த்துப் பேசினார்கள். தண்ணீரை விடமாட்டேன் என்ற பிடிவாதம் ஓர் உயிரைக் கொண்டுபோனதால் வந்த கோபம் அது. தன் ஒருவருக்கான குளிப்பிலேயே இப்படியென்றால், நான்கு பேர் சேர்ந்து ஒரு மய்யித்தைக் கழுவி, நான்கு வீடுகளுக்கு மரணத்தைச் சுமந்து செல்வதை என்னவென்று சொல்வது?

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் செய்தியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில் குளிர் மிகுந்த இரவில் குளிப்புக் கடமையாகி, குளித்தால் இறந்துவிடுவோம் என்றஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 29 ஆவது வசனத்தைக் காரணம் காட்டினார்கள். பெருமானார் சிரித்தார்கள், மறுக்கவில்லை. அதே அம்ரு (ரலி) அவர்கள் பிற்காலத்தில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்தார்கள். ஹிஜ்ரி 18 இல் பரவிய அந்நோயில் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற மாபெரும் ஸஹாபாக்கள் வஃபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற அம்ரு (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரிந்து செல்லும்படி பணித்தார்கள். நோய் அடங்கியது.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டு, ஸர்ஃ என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்ப முடிவு செய்தபோது, அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குச் செல்கிறோம் என்பதாக உமர் (ரலி) பதிலளித்தார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். “எழுதியிருந்தால் வரும், எழுதியிராவிட்டால் வராது” என்று கூறிவிட்டுக் கையுறை மாட்டாமல் இறங்குகிறவர், உமர் (ரலி) அவர்களைவிடத் தமக்குத் தவக்குல் அதிகம் என்று சொல்லப் போகிறாரா?

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். கொள்ளைநோயில் இறந்தவர் ஷஹீது ஆயிற்றே, ஷஹீதைக் குளிப்பாட்ட வேண்டியதில்லையே என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. குளிப்பாட்டாமல் அடக்கப்படுபவர் போர்க்களத்து ஷஹீது மட்டுமே. கொள்ளைநோயில் இறந்தவருக்கு ஆகிறத்தில் ஷஹீதின் கூலி கிடைக்கும். துன்யாவின் சட்டத்தில் அவருக்குக் குளிப்பும் தொழுகையும் உண்டு. குளிப்பு இயலாதபோதுதான் தயம்மும்.

ஷஹீது என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. சியரா லியோனில் கெனெமா நகர அரசு ஆஸ்பத்திரியில் ஷேக் உமர் கான் என்ற மருத்துவர் இருந்தார். அந்நாட்டில் எலிகளால் பரவும் லாஸா காய்ச்சல் பிரிவின் தலைவர். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த மருத்துவர் 2004 இல் அந்த லாஸா காய்ச்சல் தொற்றியே இறந்தவர். அது தெரிந்தும் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் இவர். எபோலா வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். கடைசியில் தாமே நோயுற்று 2014 ஜூலை 29 இல், தம் 39 ஆவது வயதில் இறந்தார். அவரையன்றி அந்த ஆஸ்பத்திரித் தாதியரும் பலர் மடிந்தனர். மய்யித்துகளை அடக்கும் பணிக்கு முன்வந்த இளைஞர்களை அவர்களுடைய வீட்டாரே சேர்த்துக்கொள்ளாத நிலையும் இருந்தது. நம் தமிழகத்திலும் கொரோனா நாட்களில் முஸ்லிம் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, எம்மதத்தவர் என்று பாராமல், உற்றாரும் நெருங்க அஞ்சிய உடல்களை அடக்கம் செய்தார்கள். அல்லாஹ் அவர்கள் அனைவருடைய உழைப்பையும் கபூல் செய்வானாக!

எபோலா அத்தோடு ஒழிந்துவிடவில்லை. கினியாவில் 2015 இல் சோதித்து வெற்றி கண்ட தடுப்பூசி 2019 இல் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் காங்கோவில் 2018 முதல் 2020 வரை 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 இல் கினியாவிலேயே கூவெக்கே என்ற ஊரில் மீண்டும் தலைதூக்கியது. பிப்ரவரி முதல் தேதி அடக்கப்பட்ட ஒரு தாதியின் ஜனாஸாவில் கலந்துகொண்டவர்களே அடுத்து நோயுற்றார்கள். இம்முறை விரைவில் கண்டுபிடித்ததால் 12 மரணங்களோடு ஜூன் மாதத்திற்குள் அடங்கியது. அல்ஹம்து லில்லாஹ்.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பமான மஸ்அலா உண்டு. ஜமாஅத் நிர்வாகிகளும் மோதினார்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஷாபிஈ மத்ஹபில் ஜனாஸாத் தொழுகை நிறைவேற, மய்யித்துக்குக் குளிப்போ தயம்முமோ முன்னதாக நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடலில் மூழ்கியோ கிணற்றில் புதைந்தோ எடுக்க முடியாது போனவருக்குத் தொழுகை இல்லை என்பதே மத்ஹபின் வலுவான சொல். பின்வந்த உலமாக்களில் சிலர், இயலாததற்காக இயன்றதை விடக்கூடாது என்று கூறித் தொழலாம் என்றார்கள். இந்தக் கருத்து வேற்றுமைக்குள் நம் மய்யித்தைக் கொண்டுபோய் வைப்பானேன்? பையை மூடி முத்திரையிட்ட பிறகு அதன் மேல் தடவுவது தயம்மும் ஆகுமா என்பதிலும் உலமாக்கள் ஒருமித்தவர்களாக இல்லை. ஆகவே பையை மூடுமுன்பே, பாதுகாப்பு உடை அணிந்த, பயிற்சி பெற்ற ஒரு முஸ்லிம், சுத்தமான புழுதி மண்ணில் கையுறையோடு ஒருமுறை அடித்து மய்யித்தின் முகத்திலும், மறுமுறை அடித்து முழங்கை வரை இரு கைகளிலும் தடவிவிட மருத்துவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டே நிமிடக் காரியம். எந்த நோயில் இது கூடும், எதில் முறையாகக் குளிப்பாட்டுவதே கூடும் என்பதை அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சலில் இறந்தவரையும் பயத்தினால் குளிப்பாட்டாமல் அடக்குவது கூடாது. மருத்துவர் இதுவும் கூடாது என்று தடுத்துவிட்டால், மூடிய பையின் மீதாவது தடவித் தொழுதுகொள்வதே பேணுதல்.

குடும்பத்தார் எட்ட நிற்க நேர்ந்து தொழுகை தவறிப் போனால் கபுரருகே நின்று தொழுதுகொள்ள ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. தொழாமலே அடக்கப்பட்டிருந்தால், உடல் சிதைந்திருக்காது என்று கருதும் காலத்திற்குள் கபுரில் தொழ வேண்டும் என்று ஹனபி மத்ஹபும் சொல்கிறது. மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஓர் ஏழைப் பெண்மணி இறந்துவிட, ஸஹாபாக்கள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே அடக்கிவிட்டார்கள். அந்தப் பெண்மணி எங்கே என்று பெருமானார் விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா, அவருடைய கபுரைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினார்கள். அங்கே சென்று நின்று அவருக்காகத் தொழுதார்கள்.